இமைப்பும் மூளையலையும்: ஒரு கோட்டைச் சரியாகப் படிக்கக் கற்ற வரலாறு

நோயாளி ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார். தலையில் மின்முனைகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. மூளையின் மின்னசைவுகள் மெல்லிய அலைகளாகத் திரையில் ஓடுகின்றன. திடீரென்று நெற்றிக்கு மேலுள்ள இரண்டு தடங்களில் மட்டும், சுற்றியுள்ள அலைகளைவிடப் பன்மடங்கு பெரிய ஓர் அலை எழுந்து, அரை நொடிக்குள் அடங்கிவிடுகிறது. அது மூளையின் முன்மடலில் தோன்றிய கோளாறா? அல்லது அவர் வெறுமனே கண்ணை இமைத்தாரா?

இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்குத் தவறான விடை தரப்பட்டால், வலிப்பு நோய் இல்லாத ஒருவர் பல ஆண்டுகள் வலிப்பு மருந்து உண்ண நேரிடும். ஆய்வுக்கூடத்தில் அவ்விடை தவறினால் இல்லாத ஒரு மூளை இயக்கம் கண்டுபிடிப்பாக அச்சேறும். ஆகவே மூளையலைப் பதிவில் இமைப்பைக் கண்டறியும் மென்பொருள்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முன்கதை ஐதராபாத்திலும், ஒரு முக்கியமான அத்தியாயம் தமிழகத்தில் பயின்ற பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்திலும் நிகழ்ந்தன.

இமைப்பு என்னும் அளவுகோல்

தமிழ் மரபுக்கு இமைப்பு புதிய பொருளன்று. எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையை இயல்பான கண்ணிமைப்பைக் கொண்டும் கைந்நொடியைக் கொண்டும் வரையறுத்தது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் பள்ளியில் கற்ற கணக்கின் அடியில் இருப்பது கண்ணிமையின் அசைவே. கருவிகள் இல்லாத காலத்தில், எல்லோரிடமும் எப்போதும் இருக்கின்ற, ஏறத்தாழ ஒரே அளவில் நிகழ்கின்ற உடலசைவு ஒன்றைக் காலத்தின் அலகாகத் தேர்ந்தார்கள். இன்றைய அளவீட்டில் ஓர் இமைப்பு பெரும்பாலும் 100 முதல் 400 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது.

இமைப்பு மனிதரின் அடையாளமாகவும் இருந்தது. தேவர்களை இமையவர் என்றும் இமையோர் என்றும் அழைப்பது அவர்கள் கண்ணிமைப்பதில்லை என்னும் நம்பிக்கையால். நளன் வடிவில் வந்து அமர்ந்த தேவர்களிடையே உண்மையான நளனைத் தமயந்தி இனங்கண்டதற்கு உதவிய குறிகளுள் ஒன்று, அவன் கண் இமைத்தது. ஒரே தோற்றமுள்ள பலவற்றுள் எது எது என்று பிரித்தறிய அவள் இமைப்பை நாடினாள். மூளையலை ஆய்வாளர்களும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் தேடியதோ இமைப்பை ஒதுக்கிவிட்டு எஞ்சுவதை.

அல்வாலுக்குத் தெற்கே, 1889

ஐதராபாத்தின் வடபகுதியில், செகந்திராபாத்திலிருந்து பொலாரம் செல்லும் வழியில் அமைந்தது அல்வால். 1798 ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் நிசாமின் நாட்டில் ஆங்கிலேயப் படைகள் நிலைகொண்டன. 1806 இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் உருவாயிற்று. பொலாரத்தில் ஐதராபாத் கண்டின்ஜென்ட் படை தங்கியது. சென்னைப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் படைநகரைச் சுற்றி வேரூன்றின. படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஆங்கிலேய மருத்துவர்களும் உடன் வந்தார்கள். இந்தச் சூழலில்தான், அல்வாலுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய நகரில், உடலின் அசைவைக் கோடாக வரையும் கருவி ஒன்று உலகறிந்த சர்ச்சைக்குக் காரணமாயிற்று.

ஐதராபாத் ரெசிடென்சி அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, அறுவையின்போது குளோரோஃபார்ம் கொடுப்பதில் உறுதியான கொள்கை உடையவர். நோயாளி இறப்பதாயின் முதலில் மூச்சுதான் நிற்கும், இதயம் பின்னரே நிற்கும். ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவர் கொள்கை. இதை நிறுவ 1888 இல் முதல் குளோரோஃபார்ம் குழு அமைந்தது. இலண்டனில் அதன் முடிவு ஏற்கப்படவில்லை. எனவே நிசாம் அரசு 1,000 பவுன் வழங்க, லான்செட் இதழ் தேர்ந்தெடுத்த லாடர் பிரண்டன் 1889 இல் ஐதராபாத் வந்து சேர்ந்தார். இரண்டாவது குழு நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடத்தியது. இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வுகளைச் சுழலும் உருளையில் ஊசி கோடுகளாக வரைந்தது. லாரியின் கொள்கை சரியே என்று குழு அறிவித்தது.

சர்ச்சை அத்துடன் ஓயவில்லை. அதே கோடுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கேஸ்கெல், ஷோர் ஆகியோர் வேறு முடிவுக்கு வந்தனர். அழுத்தம் இறங்கியது குளோரோஃபார்மினாலா, விலங்கு திமிறியதாலா, மூச்சடைப்பினாலா? ஒரே கோட்டில் பல காரணங்கள் கலந்திருந்தன. 1911 இல் குட்மன் லெவி, இலேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடக்கூடும் என்று காட்டினார். லாரியின் கொள்கை அதோடு வீழ்ந்தது. கருவி பொய் சொல்லவில்லை. அது வரைந்த கோட்டில் எது எதனால் வந்தது என்று பிரிக்கும் வழிதான் அப்போது இல்லை. உடலியல் பதிவுகள் அனைத்திற்கும் பொதுவான இந்தச் சிக்கல், மூளையலைப் பதிவில் கண்ணிமையின் வடிவில் திரும்பி வந்தது.

கண் என்னும் மின்கலம்

கண்ணிமைப்பு ஏன் மூளையலைப் பதிவில் விழ வேண்டும்? இதன் அடிப்படை 1849 இலேயே தெரிந்திருந்தது. விழிக்கோளத்தின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே நிலையான மின்னழுத்த வேறுபாடு உண்டு என்று ஜெர்மானிய உடலியலாளர் எமில் டு புவா ரேமோன் கண்டார். முன்னேயுள்ள கார்னியா நேர்முனை. பின்னேயுள்ள விழித்திரை எதிர்முனை. அதாவது நம் முகத்தில் எப்போதும் இரண்டு சிறு மின்கலங்கள் பொதிந்துள்ளன. விழி சுழலும்போது அவற்றின் மின்புலமும் சுழல்கிறது.

இமைக்கும்போது விழி மேல்நோக்கிச் சுழல்வதே பதிவில் காணும் அலைக்குக் காரணம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. கண்ணை இறுக மூடும்போது விழி மேலே செல்வதை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல் விளக்கியிருந்தார். ஆனால் இயல்பான விரைவான இமைப்பில் விழி அவ்வளவு மேலே செல்வதில்லை என்பது பிற்காலத்து நுண்ணளவீடுகளில் தெரியவந்தது. அலையின் பெரும்பகுதி இமையின் சறுக்கலால் விளைகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட கார்னியாவின்மீது ஈரமான இமை வழுக்கி இறங்கும்போது, அது ஒரு மின்கடத்தியைப் போல அந்த மின்னழுத்தத்தை நெற்றிப் பக்கம் கொண்டு சேர்க்கிறது.

இந்த அலையின் அளவுதான் தொல்லை. மண்டையோட்டைக் கடந்து வரும் மூளையலை பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட் அளவுடையது. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இமைப்பு அலையோ நெற்றி மின்முனைகளில் 100 மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அது மெதுவாக ஏறி இறங்குவதால், மூளையின் மெதுவான அலைகள் இருக்கும் அதே அதிர்வெண் பகுதியில் விழுகிறது. எனவே வெறும் வடிகட்டியால் அதை நீக்க முடியாது. இமைப்பை அகற்றும் வடிகட்டி மூளையின் மெதுவான அலையையும் சேர்த்தே அகற்றிவிடும்.

எண்ணிக்கையும் குறைவன்று. ஓய்வாக விழித்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்குச் சராசரியாக 17 முறை இமைக்கிறார் என்றும், உரையாடும்போது அது 26 ஆக உயர்கிறது என்றும், படிக்கும்போது 4 அல்லது 5 ஆகக் குறைகிறது என்றும் 1997 இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு கணக்கிட்டது. கண் திறந்த நிலையில் எடுக்கும் அரைமணிப் பதிவில் 500 இமைப்புகள் இருப்பது இயல்பே. இந்த எண்ணிக்கை மனத்தின் வேலையைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வேலைகளின்போது எடுத்த பதிவுகளை ஒப்பிடும் ஆய்வாளர், மூளைகளின் வேறுபாடு என்று எண்ணி இமைப்பு எண்ணிக்கையின் வேறுபாட்டை அளந்துவிடக்கூடும்.

பெர்கரின் ஐயம்

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர், 1924 ஜூலை 6 அன்று மனித மூளையின் மின்னலையை முதன்முறையாகப் பதிவு செய்தார். அதை அவர் வெளியிட்டதோ 1929 இல். ஐந்து ஆண்டுகள் ஏன் காத்திருந்தார்? கோட்டில் தெரிந்தது மூளைதானா என்னும் ஐயமே முதன்மையான காரணம். இரத்தக் குழாயின் துடிப்பாக இருக்கலாம், தோலின் மின்னோட்டமாக இருக்கலாம், தசையின் அல்லது கண்ணின் அசைவாக இருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். தம் மகன் கிளவுசின் தலையில் பலமுறை மின்முனை பொருத்திப் பதிவெடுத்தார். பிற்காலத்தில் இத்துறையில் எழுந்த எல்லா மென்பொருள்களுக்கும் அந்த ஐயமே முன்னோடி.

கண்ணோடு உள்ள தொடர்பு மற்றொரு வகையிலும் குழப்பத்தை உண்டாக்கிற்று. பெர்கர் கண்ட ஆல்ஃபா அலை, கண்ணை மூடினால் தோன்றும், திறந்தால் மறையும். அப்படியாயின் அது கண்ணிலிருந்தே வருவதாகாதா? 1934 இல் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூசும் இந்தச் சோதனைகளை மீண்டும் செய்து, அலை மூளையின் பிற்பகுதியிலிருந்தே வருகிறது என்று உறுதிப்படுத்தினர். நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் சான்றளித்த பின்னரே உலகம் பெர்கரை நம்பியது. அப்போதும் விவாதம் முற்றுப்பெறவில்லை. 1970 இல் இலண்டனின் லிப்போல்ட், ஆல்ஃபா அலை விழித்தசையின் நடுக்கத்தால் உண்டாவதே என்று வாதிட்டார். அவ்வாதம் நிலைபெறவில்லை. எனினும், 40 ஆண்டுகளுக்குப் பின்னும் தேர்ந்த அறிஞர் ஒருவர் அப்படி வாதிட இடமிருந்தது என்பதே, கண்ணையும் மூளையையும் பிரிப்பதன் அருமையைக் காட்டுகிறது.

இந்திய மண்ணில்

இந்தியாவில் நரம்பியல் தனித்துறையாக வளர்ந்தது விடுதலைக்குப் பின்னரே. 1949 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். மூளையலைப் பதிவுக் கருவி மருத்துவமனைகளின் கருவியாக இங்கு வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

ஆய்வுலகின் கவனத்தை ஈர்த்ததோ யோகியரின் மூளையலை. அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய பி. கே. பாக்சி, எம். ஏ. வெங்கருடன் 1957 இல் பெயர்த்துச் செல்லத்தக்க பதிவுக் கருவியோடு இந்தியா வந்து யோகியரை ஆராய்ந்தார். 1961 இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் நான்கு யோகியரின் பதிவுகளை வெளியிட்டனர். தியானத்தில் இருந்தபோது வெளித்தூண்டலால் ஆல்ஃபா அலை கலையவில்லை என்பதும், வேறு இருவர் 4 பாகை குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடம் கையை வைத்திருந்தபோதும் அந்த அலை நீடித்தது என்பதும் அவர்கள் முடிவு.

இவ்வகை ஆய்வுகளில் கண்ணின் பங்கு நுட்பமானது. தியானத்தில் அமர்ந்தவரின் கண் அசைவற்றிருக்கிறது. சாதாரணமாக அமர்ந்தவரின் கண் அலைகிறது. இருவரின் பதிவுகளும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டில் மனத்தின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்த பின்னரே முடிவு கூற முடியும். அக்காலத்தில் அதைப் பிரிக்கக் கைத்தேர்ச்சியும் கண்பார்வையும் அன்றி வேறு கருவி இல்லை. காகிதச் சுருளில் வரிவரியாகப் பார்த்து, ஐயத்துக்குரிய இடங்களைப் பென்சிலால் குறித்து விலக்கினார்கள்.

விலக்கல், கழித்தல், பிரித்தல்

1964 இல் கிரே வால்ட்டர், ஒரு செயலை எதிர்நோக்கிக் காத்திருக்கும் மனிதரின் மூளையில் மெதுவான எதிர்மின் அலை ஒன்று எழுவதைக் கண்டார். எதிர்பார்ப்பின் அலை என்று அது புகழ்பெற்றது. 1970 இல் ஹில்யார்டும் கலம்போசும் அந்த அலையின் ஒரு பகுதி கண்ணின் அசைவால் வருவதே என்று காட்டினர். கண்டுபிடிப்பு முழுவதும் பொய்த்துவிடவில்லை. அதன் அளவு குறைந்தது. அதன்பின் கண்ணைக் கணக்கில் கொள்ளாத மூளையலைக் கட்டுரையை எவரும் எளிதில் நம்பவில்லை.

முதல் வழி விலக்கல். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய அலை வந்தால் அந்தப் பகுதியை முழுவதுமாக எறிந்துவிடுவது. எளிய முறைதான்; ஆனால் பதிவின் பெரும்பகுதி வீணாகும். குழந்தைகளிடமும் மனநோயாளிகளிடமும் எடுத்த பதிவுகளில் எஞ்சுவதே மிகச் சிறிது. இமைக்காமல் இருங்கள் என்று கேட்டுக்கொள்வதும் உதவவில்லை. இமைப்பை அடக்குவதே மனத்துக்கு ஒரு வேலையாகி, அளக்க வந்த மூளையலையையே மாற்றிவிடுகிறது என்று 1990 களின் தொடக்கத்தில் தெரிந்தது.

இரண்டாம் வழி கழித்தல். கண்ணருகே தனி மின்முனை வைத்து, கண்ணின் அலையில் எத்தனை பங்கு ஒவ்வொரு தடத்திலும் கலக்கிறது என்று கணித்து, அந்தப் பங்கைக் கழிப்பது. 1983 இல் கிராட்டன், கோல்ஸ், டோன்சின் ஆகிய மூவரும் வெளியிட்ட முறை இவ்வகையில் நெடுங்காலம் கோலோச்சியது. அதற்கும் ஒரு குறை இருந்தது. கண்ணருகே வைத்த மின்முனை மூளையின் முன்பகுதி அலையையும் சிறிது வாங்கிக்கொள்கிறது. கண்ணைக் கழிக்கும்போது மூளையும் கொஞ்சம் கழிந்துபோகிறது.

மூன்றாம் வழி பிரித்தல். திருவிழாவில் நாதசுரமும் தவிலும் கூட்டத்தின் இரைச்சலும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. பல இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்தால், ஒவ்வொன்றிலும் மூன்றும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும். அந்தக் கலவைகளை மட்டும் கொண்டு மூல ஒலிகளைத் தனித்தனியே மீட்கும் கணித முறையை 1995 இல் பெல்லும் செய்னோவ்ஸ்கியும் வகுத்தனர். அடுத்த ஆண்டே ஸ்காட் மேக்கெய்க் முதலானோர் அதை மூளையலைக்குப் பொருத்தினர். 2000 இல் ட்சிப்பிங் யுங் குழுவினர் இமைப்பை இம்முறையால் பிரித்துக் காட்டினர். 2004 இல் வெளியான இ.இ.ஜி.லேப் என்னும் இலவச மென்பொருள் அம்முறையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

ஆயினும் இம்முறைக்குப் பல தடங்கள் தேவை. ஒலிவாங்கி ஒன்றே இருந்தால் நாதசுரத்தையும் தவிலையும் இம்முறையால் பிரிக்க இயலாது. பிரிந்த கூறுகளுள் இமைப்பு எது என்று ஒருவர் பார்த்துத் தெரிவு செய்யும் வழக்கமும் நெடுநாள் நீடித்தது. 2017 இல் டெக்சசின் கே ராபின்ஸ் குழுவினர் வெளியிட்ட பிளிங்கர் என்னும் மென்பொருள், ஆள் தலையீடு இன்றிப் பெருந்தொகையான பதிவுகளில் இமைப்புகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் வேகத்தையும் அளந்து தந்தது. இமைப்பைக் குப்பையாக எறியாமல் தரவாகக் கருதியது அதன் சிறப்பு.

ஒரே தடத்தில் இமைப்பைத் தேடியவர்கள்

இதற்குள் கருவி மாறிவிட்டது. மருத்துவமனையின் பெரிய பெட்டி சுருங்கி, நெற்றியில் அணியும் பட்டியாயிற்று. மியூஸ், ஓப்பன்பிசிஐ போன்ற தலைக்கருவிகள் வீட்டிலும் கல்லூரி ஆய்வகத்திலும் பயன்படத் தொடங்கின. இவற்றில் சில தடங்களே உண்டு. மியூசின் இரு தடங்கள் நெற்றியிலேயே, இமைப்பு மிகுதியாக விழும் இடத்திலேயே இருக்கின்றன. பல தடங்களை நம்பிய முறை இங்கே கைகொடுக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்களுள் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மோகித் அகர்வாலும் இரகுபதி சிவகுமாரும் குறிப்பிடத்தக்கவர்கள். சிவகுமார் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். கம்பியில்லாத் தகவல் தொடர்பில் பெயர்பெற்ற பேராசிரியர். இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரிப்பது அத்துறையின் அன்றாட வேலை. இருவரும் 2019 இல் இல்லினாயில் நடந்த ஆலர்ட்டன் மாநாட்டில் பிளிங்க் என்னும் படிமுறையை வெளியிட்டனர்.

அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஒருவரின் கையெழுத்துப் போல ஒருவரின் இமைப்பு அலையும் ஏறத்தாழ ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுக்கு ஆள் அந்த வடிவம் மாறும். ஒரே ஆளிடம் பெரிதாக மாறுவதில்லை. எனவே படிமுறை முதலில் ஒரு தடத்தின் பதிவில், இமைப்பாக இருக்கக்கூடிய ஏற்ற இறக்கங்களை எல்லாம் திரட்டுகிறது. பிறகு அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. தற்செயலான அசைவுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, இமைப்புகள் இருக்கின்றன. ஒத்த வடிவமுடையவை ஒரு குழுவாகச் சேர்கின்றன. அந்தக் குழுவிலிருந்து அந்த மனிதருக்கே உரிய இமைப்பின் வார்ப்பு கிடைக்கிறது. அந்த வார்ப்பைக் கொண்டு பதிவு முழுவதையும் மீண்டும் தேடி, ஒவ்வோர் இமைப்பும் தொடங்கிய கணத்தையும் முடிந்த கணத்தையும் படிமுறை குறிக்கிறது. முன்கூட்டியே பயிற்சி தர வேண்டியதில்லை; இத்தனை முறை இமையுங்கள் என்று பயனரைக் கேட்கவும் தேவையில்லை.

இதைச் சோதிக்க அவர்கள் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினர். காணொளி பார்த்தபோதும், கட்டுரை படித்தபோதும், வெளித்தூண்டலைக் கவனித்தபோதும் எடுத்த பதிவுகள் அவற்றில் அடங்கும். தானாக நிகழ்ந்த இமைப்புகளும் வேண்டுமென்றே செய்த இமைப்புகளும் உண்டு. 2,300 க்கும் மேற்பட்ட இமைப்புகளை மனிதக் கண்ணால் பார்த்துக் குறித்தனர். இமைப்புகளைக் கண்டறிவதில் படிமுறை 98 விழுக்காட்டைத் தாண்டியது. அதன் சராசரித் துல்லியம் 0.934. நிரலையும் குறியிட்ட தரவுகளையும் பொதுவெளியில் வைத்துவிட்டனர். முறையைவிட இந்தக் கொடையின் பயன் நீளமானது என்று சொல்லலாம். புதிய முறை ஒன்றை வகுக்கும் மாணவர் எவரும், முன்னைய முறையோடு அதே தரவில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஐதராபாத்தின் 1889 ஆம் ஆண்டுக் கோடுகளைப் பிறர் மீண்டும் படிக்க முடிந்ததால்தான் பிழை வெளிப்பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அந்த எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். துல்லியம் 0.934 என்றால், இமைப்பு என்று படிமுறை காட்டும் 100 இடங்களில் ஏறத்தாழ 7 இடங்கள் இமைப்பல்ல. தலைப்பட்டி கொண்டு விளையாடுபவருக்கு இது பொருட்டன்று. நோய் கண்டறிய வந்தவரின் பதிவில், அந்த ஏழில் ஒன்று மருத்துவர் தேடிய அலையாகவே இருக்கலாம். ஆகவே மென்பொருள் குறித்துக் காட்டட்டும், விலக்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும் என்னும் நடைமுறையே பாதுகாப்பானது.

நீதிமன்றத்துக்கு வந்த மூளையலை

இந்தப் பிரித்தறிதல் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்தியா வேறெந்த நாட்டையும்விடக் கசப்பாக அறிந்தது. பெங்களூரு நிம்ஹான்சில் பணியாற்றிய சி. ஆர். முகுந்தன், குற்றம் தொடர்பான சொற்களைக் கேட்கும்போது எழும் மூளையலைகளைக் கொண்டு, ஒருவரிடம் அக்குற்றத்தின் நேரடி நினைவு உள்ளதா என்று கூறும் முறையை வகுத்தார். 2008 ஜூனில் புணே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்தச் சோதனை முடிவையும் சான்றாகக் கொண்டு ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உலகின் நரம்பியலாளர் பலர் அதிர்ச்சி தெரிவித்தனர். நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவும் இம்முறை நீதிமன்றச் சான்றாகும் அளவுக்கு அறிவியல் வலிமை பெறவில்லை என்றே கருதியது.

எதிர்ப்பின் காரணங்கள் பல. கண்ணிமைப்பு அவற்றுள் முதன்மையானதன்று. ஆயினும் சொல்லைக் கேட்ட அரை நொடிக்குள், ஒரு நொடிக்குள் எழும் அலையை அளக்கும் எந்த முறையிலும் இமைப்பு ஒளிந்துகொள்ள இடமுண்டு. அச்சமோ பரபரப்போ இமைப்பைக் கூட்டும். ஒரு செய்தியை உள்வாங்கி முடித்த கணத்தில் மனிதர் இமைக்க விழைவதும் இயல்பு. குற்றமற்றவரும் கொலை என்னும் சொல்லைக் கேட்டு இமைக்கலாம்.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் இசைவின்றி அவருக்கு மூளையலைச் சோதனை நடத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தனக்கெதிராகச் சான்று கூறும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் 20(3) ஆம் கூறு, நாவின் சொல்லுக்கு மட்டுமன்றி மூளையின் அலைக்கும் அரணாயிற்று.

இமைப்பின் மறுமதிப்பு

நூற்றாண்டுக் காலம் எறியப்பட்ட இமைப்பு இன்று தனிப் பொருளாக மதிப்புப் பெறுகிறது. பார்க்கின்சன் நோயில் தன்னியல்பான இமைப்பு குறைகிறது. தூக்கம் வரும் ஓட்டுநரின் இமைப்பு நீள்கிறது. கை, கால், நா எல்லாம் செயலிழந்தும் கண்ணிமை மட்டும் இயங்கும் நோயாளிக்கு, வேண்டுமென்றே செய்யும் ஓர் இமைப்பு ஆம் என்றும் இரண்டு இல்லை என்றும் பொருள்படலாம். அத்தகையவருக்கு இமைப்பைத் தவறாமல் அறியும் மென்பொருளே மொழியாகிறது.

அல்வால் முதலான இடங்களில், படைநகரின் பழைய தெருக்களுக்கு அருகே, இன்று பொறியியல் மாணவர்களும் மென்பொருள் வல்லுநர்களும் குடியிருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க் கருவியும் இலவச நிரலும் இருந்தால் மூளையலை யார் வீட்டு மேசையிலும் ஓடும். கருவி எளிதாகிவிட்டதால் படிப்பதும் எளிதாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. பெர்கர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கேட்ட கேள்வியை, திரையில் அந்தப் பெரிய அலையைக் காணும் ஒவ்வொருவரும் மீண்டும் கேட்டாக வேண்டும். அலை மூளையிலிருந்து வந்ததா, இமையிலிருந்து வந்ததா? விடையில் ஒருவரின் மருந்தும், சிலவேளை விடுதலையும் அடங்கியிருக்கிறது.